பக்கத்து இருக்கையின் பிரேக்

பதினேழு நாளாகியும் கார் ஓட்டுவது தானா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெஞ்சமின் மாஸ்டரா என்று திலகவதிக்குத் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளி வண்டி என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. தூரத்தில் ஒரு கோழி தெரிந்தாலே அவர் கால் முந்திக்கொள்ளும்.

"நானே மிதிச்சிருப்பேன் சார்."

"மிதிச்சிருப்பீங்க மேடம், கோழி செத்தப்புறம்."

போனில் மச்சானோடு பேசிக்கொண்டே ஸ்டியரிங்கையும் ஒரு கையால் திருப்பிவிடுவார்.

"நாளன்னிக்கு டெஸ்ட்டு சார். எனக்கு ஒண்ணுமே வரலையே."

"இதே வண்டிதான் மேடம், நானும் பக்கத்துல இருப்பேன். அப்புறம் என்ன?"

"அப்போ லைசென்ஸ உங்க காலுக்கே குடுத்துரச் சொல்லுங்க!"

அவர் சிரித்தார். டீக்கடை வந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார்.

"இன்ஜினை அணைச்சிராதீங்க, ரெண்டே நிமிஷம்."

பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. வழிவிடத்தானே வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டாள். கார் குலுங்காமல் நகர்ந்தது. கடைத்தெருவைத் தாண்டியதும் பேருந்து அவளை முந்திப் போனது. திடீரென்று ஒரு எருமை குறுக்கே வர, திலகவதி பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு முழம் தள்ளி நின்றது. எருமை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்துபோனது.

மூச்சு வாங்க, பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். வெகுதூரத்தில், நட்டநடு ரோட்டில், கையில் டீ கிளாஸோடு பெஞ்சமின் மாஸ்டர் நின்றிருந்தார். வலது காலால் தார்ச்சாலையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். எருமை போன பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.

திலகவதி எடுத்துவிட்டாள்.