பூதத்தின் பின்னங்கால்

"தப்பு. இந்தக் கால் தப்பு. மறுபடியும் செய்."

சொல்லிவிட்டு மைக்கெனின் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார் யோரான். மூன்று வாரமாகத் தினமும் இதே வசனம்தான்.

ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு மிருகங்கள் செய்து தருவது எங்கள் பிழைப்பு. களிமண்ணில் இல்லை, திரையில். இந்த முறை கரடி உடம்பும் இறக்கையுமாக ஒரு பூதம். அதன் பின்னங்கால் மைக்கென் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்தவள். வெள்ளிக்கிழமையோடு அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது. கால் தேறினால்தான் வேலை நிலைக்கும்.

"எங்கே தப்புன்னாவது சொல்லேன், யோரான்."

எங்கள் ஊரில் மேலதிகாரிக்கும் 'நீ'தான்.

"பின்னங்கால்ல பின்பக்கமா மடங்குதே, அது என்ன? முட்டியா?"

"குதிகால். முட்டி மேலே, வயித்துக்கிட்ட இருக்கு. அப்படித்தானே செஞ்சிருக்கேன்?"

"படிச்சுட்டு செஞ்சிருக்கே. தொட்டுட்டு செய்யலை. போ, புல்லேயைத் தொடு."

புல்லே அவருடைய கிழட்டு நாய். புல்லே என்றால் பன். பெயருக்கேற்ற உடம்பு. தினமும் அதைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வருவார். ஆபீஸுக்கு நாயா என்று கேட்டால், "இது நாயில்லை, பாடப்புத்தகம்" என்பார்.

அந்தப் பாடப்புத்தகத்தை நாங்கள் எல்லோரும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டோம். என்னைப் பார்த்து உறுமியது. பக்கத்து மேசை லெனார்ட்டின் சட்டைக் கையைக் கிழித்தது. மைக்கென் தொட்டால் மட்டும் குறட்டை விட்டது. அதனால் பாடம் முழுக்க அவள் தலையில் விடிந்தது.

அவள் தரையில் மண்டி போட்டிருப்பாள். யோரான் எட்ட நின்று, துணி சுற்றிய விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுப்பார்.

"தொடை எலும்பு இடுப்புல சேருதில்ல, அங்கே கட்டை விரலை வை. மெதுவா வட்டம் போடு. அழுத்தாதே! முதல்ல சூடான துண்டைப் போட்டுக்கோ."

"துண்டு எதுக்கு?"

"சதை இளகுனாத்தான் எலும்பு பேசும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உலகத்துலயே இல்லாத பூதத்துக்கு எதுக்கு யோரான் இத்தனை கூத்து?"

"எலும்பு சரியில்லாத பூதத்தைப் பார்த்து ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க. நீ உன் இறக்கையைப் பாரு. அந்தப் பக்கமும் வட்டம் போடு, மைக்கென். இடது பக்கம் பாவம்... அதாவது, இடது பக்கமும் படிக்கணும்."

புதன்கிழமை மைக்கென் சமையலறையில் நின்று அழுதாள்.

"அந்த ஆளுக்குக் காலும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒருத்தியை வதைக்கணும், அவ்வளவுதான்."

"தொழிற்சங்கத்துல புகார் குடு" என்றேன்.

"வெள்ளிக்கிழமை குடுக்கிறேன். எல்லார் முன்னாலயும்."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அதிசயம். புல்லே தானாகவே படியேறி, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. பின்னாலேயே யோரான், கண்ணைத் துடைத்தபடி.

"வெளியே என்னா காத்து!" என்றார். ஒரு இலைகூட ஆடவில்லை.

மைக்கென் பூதத்தின் காலைத் திரையில் ஏற்றினாள். யோரான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இதான்யா கால்! எல்லாரும் வந்து பாருங்க! தொட்டுப் படிச்சா எப்படி வருது பாத்தீங்களா?"

நாங்கள் கை தட்டினோம். மைக்கென் தட்டவில்லை. எழுந்து நின்றாள்.

"இது முதல் நாள் நான் செஞ்ச கால், யோரான். ஒரு கோடுகூட மாத்தலை. அன்னைக்கு நீ தப்புன்னு சொன்ன அதே கால்."

கைதட்டல் நின்றது. மாட்டினார் மனுஷன் என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

"தெரியும்" என்றார் யோரான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே சரியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கே உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு மூணு வாரம் என் உயிரை எடுத்தே?"

யோரான் நாயைப் பார்த்தார்.

"அதுக்கு இடுப்பு போயிடுச்சு. தினமும் நீவி விட்டா நடக்கும், இல்லேன்னா ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சுடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் அங்கே கை வச்சா கடிக்குது." துணி சுற்றிய விரலைக் காட்டினார். "நீ வச்சா தூங்குது."

"அதைக் கேட்டிருக்கலாம்ல?"

யோரான் நிஜமாகவே பதறிப்போனார். "வேலை நேரத்துல என் சொந்த வேலைக்கு உன்னைக் கேக்கிறதா? அது அதிகார துஷ்பிரயோகம் இல்லையா? சங்கம் என்ன சொல்லும்?"

லெனார்ட் தன் சட்டைக் கையைத் தடவிக்கொண்டான்.

மைக்கெனின் முகம் சிவந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். நேராகச் சங்கத்துக்குத்தான் போன் போடப் போகிறாள் என்று நினைத்தேன். புல்லே குறுக்கே வந்து அவள் காலடியில் விழுந்து, பழக்க தோஷத்தில் இடுப்பைக் காட்டியது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். காபி இடைவேளை தொடங்கியிருந்தது.

"இது என் சொந்த நேரம். இதுல நான் என்ன செஞ்சாலும் சங்கம் கேக்காது" என்றபடி தரையில் உட்கார்ந்தாள். "பாத்துக்கிட்டே நிக்காதே, யோரான். போய்த் துண்டைச் சூடு பண்ணு."