சத்தம் போடாத எஞ்சின்

நல்லுசாமி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இனி யார் வந்து என்ன சமாதானம் சொல்லி என்ன?

பொழுது சரியாக விடியவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்ற மூன்று லாரிகளும் எஞ்சின் போடாமலேயே, ஒன்றன் பின் ஒன்றாகப் பண்ணைக்காட்டு இறக்கத்தில் பூனை மாதிரி உருண்டு போயின. முன்னால் நின்று ஆட்களைத் தள்ளச் சொன்னவன் பெரிய டிரைவர் குழந்தைவேல். கோயில் வளைவுக்குப் போன பிறகுதான் எஞ்சின் சத்தமே கேட்டது.

அப்படியானால் சேனாதிபதி சொன்னது நிஜம்தான். அவரும் லாரிக்காரர். "உருட்டிக்கிட்டே போயி, மிச்சம் பிடிச்ச டீசலை வத்தலக்குண்டுல விக்கிறான்யா ஒன் டிரைவர்" என்று நேற்றுத்தான் காதில் போட்டிருந்தார்.

ஊரே சிரிக்கச் சிரிக்க, மூன்று வண்டியிலும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டியவர் நல்லுசாமி. டீசல் எஞ்சின் சத்தம் ஊரைக் கூட்டுமே, இளைப்புக்காரப் பொம்பளையை வீட்டில் வைத்துக்கொண்டு இது தேவையா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அவர் மனைவி தமயந்தி ராத்திரியெல்லாம் மூச்சுக்குப் போராடிவிட்டு, விடியக் கருக்கலில்தான் கொஞ்சம் கண்ணசருவாள்.

ஆனால் என்ன ஆச்சு? தமயந்தி ஒருநாள்கூட முழிக்கவில்லை. இடி விழுந்தாலும் எழுந்திருக்காத நல்லுசாமியும் முழிக்கவில்லை. "அம்புட்டு நயமான எஞ்சின்யா!" என்று பார்த்தவரிடமெல்லாம் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் லாரிகள் திரும்பியதும் குழந்தைவேலைக் கூப்பிட்டார்.

"ஏலே, எஞ்சினைப் போடாம வண்டிய உருட்டுனியா?"

"உருட்டுனது நெசந்தாங்க மொதலாளி."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுறியோ? நாளையிலருந்து நீ வண்டியத் தொடக்கூடாது."

குழந்தைவேல் திருடவில்லை என்று மட்டும் சொன்னான். கண் கலங்கியிருந்தது. நாலு எட்டு போனவன் திரும்பி வந்தான்.

"புது டிரைவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. கோயில் வளைவுக்குப் போயி ஸ்டார்ட் பண்ணட்டும்."

திமிரைப் பாரேன், போகும்போதும் திருட்டுக்கு வழி சொல்லிவிட்டுப் போகிறான் என்று நல்லுசாமி பல்லைக் கடித்தார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, காவலுக்கு அவரே வாசலில் நின்றார். மூன்று எஞ்சினையும் தன் கண் முன்னால் போடச் சொன்னார்.

அவ்வளவுதான். தெருவே கிடுகிடுத்தது. கூரை ஓடு அதிர்ந்தது. உள்ளே தமயந்தி அலறிப் புடைத்து எழுந்து, மூச்சு எட்டாமல் தவித்தாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். வெந்நீர் கொடுத்து நெஞ்சைத் தடவிவிட, மெல்ல மெல்ல மூச்சு நிதானத்துக்கு வந்தது.

"இது யாரு வண்டிங்க, இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். "நம்ம வண்டிதான் சத்தமே போடாதே."

நல்லுசாமி வாசலுக்கு வந்து எஞ்சினை அமர்த்தச் சொன்னார். சுமை ஏற்றும் சுப்புராஜ் தலையைச் சொறிந்தான்.

"அம்மா தூக்கம் கெடக்கூடாதுன்னுதாங்க குழந்தைவேல் அண்ணன் தெனமும் உருட்டச் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாகன்னு எங்க வாயையும் கட்டிப்புட்டாரு."

"அந்த வளைவுல மட்டும் ஆள் குடியில்லையாலே? அவுகளுக்குச் சத்தம் கேக்காதா?"

"அங்க அண்ணன் வீடு மட்டுந்தாங்க. கைப்பிள்ளை தெனமும் முழிச்சு அழுகும். என்ன பண்றது, அதோட இறக்கம் முடிஞ்சிருதே."

நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைத் தானே உருவினார்.

"வளைவு தாண்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இறக்கம் முடிஞ்சா நானும் தள்ளுறேன். அவன் பிள்ளை தூங்கட்டும்."