பாதி விரல்

"கடைச் சோறு எவன் கை பட்டதோ" என்று சொல்லிக்கொண்டே அம்மா தினமும் டிபன் பாக்ஸை சுபாஷிணியின் பையில் திணிப்பாள். "யார் கை பட்டா என்னம்மா, ருசியா இருந்தா போதாதா?" என்பாள் அவள். அலுவலக வாசலில் மூடியைக்கூடத் திறக்காமல் அதை வாட்ச்மேன் பலவேசத்திடம் கொடுத்துவிட்டு, ஓட்டலிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுவாள். சாயங்காலம் காலி பாக்ஸைப் பார்த்து அம்மா பூரித்துப்போவாள். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

அம்மாவின் பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மதியம் வந்த தயிர்சாதப் பார்சலைப் பிரிக்க அவளுக்கு மனமில்லை. பழக்கத்தில் வாசலுக்குக் கொண்டுபோனாள். அம்மா இறந்ததைப் பலவேசத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓட்டலின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, உங்கம்மா கட்டுன சாதம்!"

எட்டிப் பார்த்தாள். சாதத்தின் மேல் நான்கு விரல்கள் அழுத்திய தடம். அதில் ஒன்று மட்டும் பாதி. அம்மாவின் மோதிர விரல் கிரைண்டரில் நசுங்கிப் பாதியாய்ப் போயிருந்தது.

"தினமும் இப்படித்தான் இருக்குமா?"

"மூணு வருஷமா இப்படித்தானே" என்றார் பலவேசம். "நீங்க பாத்ததே இல்லையாம்மா?"