குறிப்பு இல்லாத வரி

செயற்கைக் கண் விற்கும் அந்தப் பெரிய நிறுவனம், ஒன்பது ஆண்டுப் பிடிவாதத்தை விட்டு, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்ட கட்டற்ற கண் மென்பொருளுக்குத் தானும் நிரல் வழங்குவதாக அறிவித்தது. அறிவிப்பு பதினொரு பக்கம். அதில் ‘மனிதகுலம்’ மட்டும் பதினேழு இடத்தில் வந்தது. நிரலோ ஒரே ஒரு வரி.

தென்காசியில் சம்பளமில்லாமல் அந்த மென்பொருளைப் பராமரிக்கும் இசக்கியம்மாள், “இதுக்கா இம்புட்டு மேளம்?” என்றாள். ஒரு வரி என்ன செய்யும் என்று குறிப்பு எழுதாவிட்டால் ஏற்பதில்லை என்பது அந்த மென்பொருளின் விதி. பதினொரு பக்கத்தில் நிறுவனம் அதை மட்டும் எழுதவில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற அவள் கணவன் மாசானமுத்துவுக்கு அந்த நிறுவனத்தின் கண்தான். முப்பது அடிக்கு மேல் தெரியாதபடி நிறுவனமே பூட்டி விற்ற மலிவு ரகம். நிராகரிக்குமுன் அந்த வரியை அதில் ஓட்டிப் பார்த்தாள்.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கூப்பிட்டான். “ஏட்டி, தெருக்கோடியில எவனோ சுவரு எழுப்பிட்டான். மேகத்துக்கு மேல போகுது.”

அவள் வெளியே வந்தாள். “சுவரு இல்லங்க. மலை.”

“யாருது?”

“யாருதும் இல்ல.”

வாயில் நுரையோடு, துப்ப மறந்து நின்றான். தினமும் பார்த்த மலையை அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு உள்ளே போய், குறிப்பைத் தானே எழுதி அந்த வரியை ஏற்றுக்கொண்டாள்: ‘மலை தெரிகிறது.’