காய்ச்சல் பார்க்கும் கை

ஆழ்கடலுக்குள் இறக்கி வைத்திருக்கும் கணினிகளைப் பழுது பார்க்க முங்குகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி குளிர் ஊசி போடுகிறது. ஊசி போட்டவர்களுக்கு நடுக்கம் வராது. ஆனால் முங்க முங்க உடம்பும் கடல்தண்ணீரைப் போலச் சில்லிட்டுப் போகும். கரைக்கு வந்த பிறகும் சூடேறாது.

அதனால் லொயோலாவுக்கு ஊரில் எல்லோருக்குமே காய்ச்சல் அடிப்பதாகத் தோன்றும். விடுப்பில் வீட்டுக்கு வந்ததும் மகள் ஷெரினின் நெற்றியில்தான் முதலில் கை வைப்பான். அவன் அந்த வேலைக்குப் போன பிறகு பிறந்தவள் அவள்.

“பிரிஸ்கா, புள்ளைக்கு மேலு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா?”

“ஒங்க கைதான் ஐஸா கெடக்கு. அவ நல்லாத்தான் இருக்கா.”

சொல்லிவிட்டு, அவன் பார்க்காதபோது பிரிஸ்காவும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். அவள் பயம் வேறு. பிள்ளையின் நெற்றி கதகதப்பாக இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

இந்த ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கா சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். லொயோலா மகளின் நெற்றியைத் தொட்டான். அவன் முகம் மலர்ந்தது.

“நீ சொன்னது சரிதாம்ளா. இன்னைக்குக் காய்ச்சலே இல்ல.”

ஊக்கு பிரிஸ்காவின் விரலில் ஏறியது. அப்படியே ஓடிவந்து குழந்தையின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

ஷெரின் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்.

“சுடுதும்மா. ஒனக்குக் காய்ச்சலா?”