சாம்பசிவம் போட்ட மார்க்

“இவளா? இவ கை என் கால்ல படப்படாது!” ஆஸ்பத்திரிக் கட்டில் அதிரக் கத்தினார் சாம்பசிவம்.

கத்தாமல் என்ன செய்வார்? நர்ஸ் எல்லையம்மாள் அய்யாவுவின் மகள். அவரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தைத் தன் பேரில் பதிந்துகொண்டு, போன அறுப்பில் மிராசுதார் சாம்பசிவத்தை வரப்பிலேயே நிறுத்திவைத்தானே, அதே அய்யாவு! அவனாவது இன்றைக்கும் “சாமி” என்பான். இந்தக் கழுதை “சார்” என்கிறது.

“கோபப்படாதீங்க சார்,” என்றார் தேர்வு நடத்தத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மூத்த நர்ஸ் ரஹ்மத் பீவி. “பழைய நர்ஸுங்களுக்கெல்லாம் மறுபயிற்சி குடுத்து, இன்னைக்குக் காயத்துக்குக் கட்டு மாத்துற செய்முறைத் தேர்வு. உங்களுக்கு வலிச்சா அவங்களுக்கு மார்க் போயிடும். தேறலைன்னா வேலையே போயிடும். அதனால கவனமாத்தான் செய்வாங்க.”

சாம்பசிவத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மகள் சம்பளத்தை நம்பித்தான் அய்யாவு அந்த நில வழக்குக்கு வக்கீல் வைத்திருக்கிறான். இவள் வீட்டுக்குப் போனால் வழக்கும் போச்சு!

“அப்படியா சேதி! தாராளமா பண்ணட்டும்,” என்று காலை நீட்டினார்.

லேசுப்பட்ட கால் இல்லை அது. செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுக்கக் களத்தில் நடந்த கால்! சம்சாரம் மதுரம் ரத்தத்தைப் பார்த்து அலறியபோதும் மனுஷர் முகம் சுளிக்கவில்லை.

எல்லையம்மாள் கட்டைப் பிரித்தாள். அவள் அடிக்கொருதரம் ரஹ்மத் பீவியின் முகத்தைப் பார்ப்பதைக் கண்டு அவருக்குக் குளுகுளுவென்றிருந்தது.

“வலிச்சா சொல்லுங்க சார்.”

“சொல்லாம விடுவேனா?” அந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால்மாட்டில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது. ஆரம்பித்துவிட்டாள்! இதற்குத்தானே காத்திருந்தார்?

“ஐயோ, கொல்றாளே பாவி! நெருப்பை வச்சாப்ல எரியறதே! அப்பன் புத்தி எங்கே போகும்? வேணும்னே அழுத்தறா!”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சாம்பசிவம் சுவரைப் பார்த்தபடியே விரலை ஆட்டினார்.

“எழுதிக்கோங்கோ, சைபர் மார்க்! வலி உயிர் போறது. இன்னிக்கே இவளை வீட்டுக்கு அனுப்பணும், ஆமாம்!”

ரஹ்மத் பீவி நிதானமாகச் சொன்னார்:

“கொஞ்சம் திரும்பிப் பாருங்க சார். அவங்க இன்னும் கை கழுவிக்கிட்டுதான் இருக்காங்க.”