இன்னும் பத்துக் கணக்கு

மைனா டீச்சர் பலகையில் பத்துக் கணக்கு எழுதி முடிப்பதற்குள் அணில் சிலேட்டை நீட்டிவிடும்.

"முடிச்சுட்டேன் டீச்சர்."

"சமர்த்து. இந்தா, இன்னும் பத்து."

சும்மா விட்டால் அது அடுத்தவர் வாலைப் பிடித்து இழுக்கும். டீச்சர்தான் வேறென்ன செய்வார்? பக்கத்தில் ஆமை இரண்டாவது கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். "நீ மூணு போட்டாப் போதும் தங்கம்" என்று அதன் ஓட்டைத் தட்டிக்கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை அணில் சிலேட்டை நீட்டவே இல்லை. மணியடித்தபோது அதுவும் மூன்றாவது கணக்கில்தான் நின்றது. ஒருவழியாக வகுப்பு முழுக்க ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது என்று டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷத்தில் சிலேட்டுகளை அடுக்கும்போது அணிலுடையது நழுவிப் புரண்டது. பின்பக்கம் பத்து விடையும் இருந்தன, பத்தும் சரி.

"யாருடா உனக்கு இப்படி மறைக்கச் சொல்லிக் கொடுத்தது?"

அணில் ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

டீச்சர் மெல்ல ஆமையின் சிலேட்டைத் திருப்பினார். பத்து விடையும் மேலே நெருக்கமாக இருந்தன. கீழே ஒரு தாமரைக் குளம். ஒவ்வொரு இதழையும் நிதானமாக வரைந்திருந்தது ஆமை.